குடிலுக்குப் போன வெள்ளைத் துணி

பெரிய காஞ்சிபுரம்,
டிசம்பர் 26.

அன்புள்ள அபி அண்ணிக்கு,

கீர்த்தி எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். புனேயில் நீங்களும் சிவபாலன் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தீர்கள். இன்னும் நேரில் பார்க்காத உங்களிடம் போனில் பேசக் கூச்சமாக இருக்கிறது. தாளில் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

மார்கழி என்பதால் விடியலில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது. சாயங்காலமானால் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் கேரல் வண்டி. இந்த வருடம் டிரம் செட்டோடு வந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா தெருமுனை டீக்கடையில் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் சாயப்பட்டறை யேசுதாஸ் மாமா! "இன்னா தாத்தா, டீல சக்கரை இல்லியா?" என்று அம்மா கேட்க, "ஊருக்கே மிட்டாய் குடுக்கறவனுக்கு சுகரும்மா, இன்னா பண்றது" என்றார்.

எங்கள் தறிக்குப் பட்டு நூல் சாயம் போடுவது அவர்தான். வருடா வருடம் சர்ச் குடிலில் குழந்தை யேசுவைக் கிடத்த அப்பாவிடம் ஒரு துண்டுப் பட்டு வாங்கிப்போவார். கிறிஸ்தவப் பெண்ணான உங்களை அண்ணன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகு அப்பா அவர் பெயரையே எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். இந்த மாதத் தொடக்கத்தில் மாமா வந்து கேட்டபோது, அப்பா தறியை நிறுத்தாமலே, "இந்த வருசம் துணி இல்ல" என்றுவிட்டார். மாமா கோபிக்கவில்லை. "வுடுபா, வைக்கோல்லதான பொறந்தாரு, அதுலயே படுத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் பயமாக இருந்தது. இத்தனை வருடச் சிநேகிதமும் அண்ணனோடு சேர்ந்து போய்விடுமோ என்று.

நேற்று சாயங்காலம் அம்மாவும் நானும் குடில் பார்க்கப் போனோம். வாசல் முழுக்க நட்சத்திர விளக்குகள். மார்கழியில் அம்மா முட்டை தொடமாட்டாள் என்று மாமாவின் மனைவி தனியாக ஒரு கேக் செய்து வைத்திருந்தார். குடிலில் மூன்று ராஜாக்களுக்கும் ஜரிகை அங்கி. ஒட்டகத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குட்டி ராட்டையையும் வைத்திருந்தார்கள். குழந்தை வெள்ளைப் பட்டின் மேல் படுத்திருந்தது. குனிந்து பார்த்தேன். துணியின் ஓரத்தில் இரண்டு சிவப்பு இழைகள்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும், அண்ணி. கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு அப்பா வெள்ளைப் புடவை நெய்வார். ஆனால் வெறும் வெள்ளையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வராது. இடுப்பில் செருகி மறைந்துபோகும் ஓரத்தில் இரண்டு சிவப்பு இழை சேர்த்துவிடுவார். கடைக்காரர்கள் கவனித்ததில்லை. கட்டிக்கொண்டவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள். வீட்டில் எங்களுக்குத் தெரியும்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். கேக் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். மாமா அருகில் வந்து, "போன வாரம் அவரே பட்டறைக்கு வந்து குடுத்துட்டுப் போனாரும்மா. யாருக்கும் சொல்லாதன்னாரு. நான் சொல்லல, பாத்துக்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "துணி சரியா ஒக்காந்துக்குதா?"

உட்கார்ந்திருக்கிறது என்றேன். அப்பா கேக்கில் ஒரு துண்டை எடுத்துத் தின்று முடித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அந்தப் பொண்ணு ஒசரமா?" என்றார்.

போட்டோவில் அண்ணன் தோளுக்கு இருக்கிறீர்கள் என்றேன்.

"போட்டோவ வெச்சி பாவு போட முடியுமா?" என்று எழுந்து போய்விட்டார்.

உயரமானவர்களுக்குப் புடவையின் அகலம் கூட வேண்டும். தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், போட்டுவிட்டால் பிறகு அகலத்தைக் கூட்ட முடியாது. இன்று காலை வெள்ளை நூல் வந்து இறங்கியிருக்கிறது. எந்தக் கடைக்கு என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் அண்ணி, உங்கள் உயரத்தை அளந்து எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அப்பா பெயருக்கே எழுதுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் வருந்தாதீர்கள்; பொங்கல் வரை நூலைத் தொடாமல் காத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

காமாட்சியும் உங்கள் குடில் குழந்தையும் உங்கள் இருவரையும் நலமாக வைக்கட்டும். லீவு கிடைத்தால், எழுதவும் வேண்டாம். வந்து நில்லுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அண்ணன் உயரத்தை அப்பா வருடா வருடம் கோடு போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் இடம் இருக்கிறது.

உங்கள் அன்பு நாத்தனார்,
கீர்த்தி