கொடுத்த பெயர்

மே 18, செவ்வாய்.

கான்ஸ்டபிள் தேர்வுக்கான ஓட்டப் பயிற்சியை ஊரடங்கிலும் நான் விடவில்லை. உடற்பயிற்சிக்குக்கூட வெளியே வரக்கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அதனால்தான் விடியுமுன் பசுவந்தனை ரோட்டில் ஏறினேன்.

வளைவில் ஒரு பெண் போலீஸ் மறித்தார்.

"ஏட்டி, நில்லு. ஊரடங்குல எங்க ஓடுத?"

"போலீஸ் வேலைக்குப் பழகுதேன்க்கா."

"போலீசுக்கா? கேஸ் விழுந்தா வேலையே கெடைக்காது, தெரியும்லா? பேரு என்ன?"

நோட்டைத் திறந்துவிட்டார். பயத்தில் "மரகதம்" என்று சொல்லிவிட்டேன். அப்பா பெயரையும் தெருவையும் சரியாகவே சொன்னேன். எழுதிக்கொண்டு விரட்டிவிட்டார். கேஸா, வெறும் எச்சரிக்கையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மரகதம் என் தங்கை. அடுத்த வருஷம் அவளும் இதே தேர்வை எழுத வேண்டும்.

சாயங்காலம் என் ஷூவைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள். "நாளைக்குத் துணைக்கு நானும் வாரேன்க்கா" என்றாள். போலீஸ் பிடிப்பார்கள், வேண்டாம் என்றேன்.

"பிடிச்சா ஒம் பேரச் சொல்லிட்டு ஓடியாந்துருதேன்" என்று சிரித்தாள்.