ஐஸ் பெட்டியில் போன இலைகள்

இனயம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஜெஸ்பின் அக்காவுக்கு பிளஸ்ஸி எழுதுவது. இயேசுவுக்கே புகழ். அம்மா ஆபரேஷன் கழிந்து நன்றாகத் தேறிவிட்டாள். மீன் விற்கவும் போகிறாள். ஃபோனில் பேசினால் வீடே கேட்கும், எனக்கும் நாக்கு எழும்பாது. அதனால் உன் ஆராய்ச்சிக்கு நீ கேட்ட இலைகளோடு இந்தக் கடிதத்தையும் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

போன தடவை இலைகள் கறுத்துப் போனதற்கு, "ஏட்டி, எலைய மீனுன்னு நெனச்சியா? ஐஸுல போட்டா அனுப்புவ?" என்று கத்தினாய். பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. வாடாமல் வேண்டும் என்றுதானே சொன்னாய்? வாடாமல் வைக்க நம் வீட்டில் வேறு என்ன தெரியும்? உறைந்த இலையில் டி.என்.ஏ. அளக்க முடியாது என்று முன்பே சொல்லியிருக்கலாம். இந்த முறை ஈரத்தாளில் சுற்றியிருக்கிறேன்.

இதற்காக மறுபடி திற்பரப்பு அருவிக்குப் போனேன். பூச்சி தின்னும் அந்த ஊதாப் பூச்செடியை நனைந்த பாறையில் குனிந்து தேடும்போது, குளிக்க வந்த ஒருவர், "என்ன மக்கா தேடுக, கம்மலு போச்சா?" என்றார். பூ என்று சொல்லக் கூச்சம். தலையாட்டிவிட்டேன். உடனே ஆறேழு பேர் கூடி, இல்லாத கம்மலைத் தேடி, இருந்த பூக்களை மிதித்துத் துவைத்துவிட்டார்கள். மிஞ்சியது இவ்வளவுதான்.

இந்தச் செடிக்குள் டி.என்.ஏ. கொஞ்சம்தான், வெங்காயத்தில் மனிதரைவிடப் பல மடங்கு என்றாய். வெங்காயத்துக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "அதத்தான் நாங்களும் தேடிட்டிருக்கோம்" என்று ஃபோனை வைத்துவிட்டாய். வெங்காயம் அரியும்போதெல்லாம் அதே நினைப்பு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ பெங்களூருக்குப் போக வேண்டும், அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் நின்றேன். அம்மா எழுந்ததும் அப்பாவிடம் பேசி என்னைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைப்பதாகச் சொன்னாய். பிறகு கூப்பிடும்போதெல்லாம் இலை, வேர், தண்டு. நானே அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "ஒருத்தி படிச்சு ஊர விட்டுப் போனது போதும் மக்கா" என்று எழுந்து போய்விட்டார்.

தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. அப்பா வியாழன் காலை கரைக்கு வருவார். உன்னை அனுப்பும்போதும் அழுதுகொண்டேதான் சரி என்றார். நீ சொன்னால் கேட்பார்.

உன் வேலை நல்லபடி நடக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். இலை கிடைத்தது என்று சொல்ல என்னைக் கூப்பிட வேண்டாம். அப்பாவைக் கூப்பிடு அக்கா.

உன் தங்கை,
பிளஸ்ஸி