பேச்சு மிஸ்ஸைத் திருப்பி அனுப்பிய மகனுக்கு

கண்டி
செவ்வாய்க்கிழமை

மகன் அமானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தம்பி ஸாகியும் சுகம், மெல்பனில் நீயும் மருமகள் அகீலாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் மூன்றாம் தர வகுப்பில் இன்ஷிரா என்றொரு பிள்ளை, மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ஆஸியா உம்மாவின் மகள், பேச்சுத் திக்கும். பெயரைக் கேட்டால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதனால் இந்த வருஷம் தொடங்கியதிலிருந்தே வகுப்பில் வாயே திறக்கவில்லை. இவளோடு சேர்த்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஐந்து பேர். பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றால் வாரா வாரம் கடையைப் பூட்ட ஏலுமா என்று ஆஸியா உம்மா கேட்கிறார், அதுவும் நியாயம்தான். அப்படியானால் உதவி செய்கிறவரைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைப்போம் என்று நினைத்தேன். பேராதனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சிந்துஜா மிஸ் தன் லீவு நாளான புதன்கிழமையில் சும்மாவே வர ஒப்புக்கொண்டார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு நான்கு தடவை அலைந்து அனுமதிக் கடிதம் வாங்கினேன், அதிபர் நஸீமும் நூலகத்துக்குப் பக்கத்து அறையை ஒதுக்கித் தந்தார்.

முதல் புதன்கிழமை நல்ல மழை. சிந்துஜா மிஸ் இரண்டு பஸ் மாறி, பேசப் பழக்கும் பட அட்டைப் பெட்டியோடு வந்து நிற்கிறார், வாச்சர் கேட்டைத் திறக்கவில்லை, அதிபரின் உத்தரவாம். அலுவலகத்துக்கு ஓடினேன். அதிபர் தன் ஃபோனை என் பக்கம் திருப்பி, "வாசிங்க டீச்சர், எழுதினது ஒங்கட மகன்தான்" என்றார். பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியது. இப்படியான ஆட்கள் வந்துபோனால் மூளை சரியில்லாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஊர் சொல்லும், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் சேர மாட்டார்கள் என்று. அதற்குக் கீழே இருபத்தேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதிபர் கதிரையைக் காட்டினார், நான் உட்காரவில்லை. வெளியே வந்து சிந்துஜா மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டு, அதே மழையில் பஸ் ஏற்றிவிட்டேன்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது உன் பெயரின் முதல் எழுத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருஷம், ஒவ்வொரு வியாழக்கிழமையும், உன்னைப் பேராதனைக்குக் கூட்டிப் போனேன். யாராவது கேட்டால் பல்லை டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று சொன்னதும் நான்தான், உன்னைச் சொல்ல வைத்ததும் நான்தான். அந்த வெட்கத்தை உனக்குப் பழக்கியது நான், அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம். ஆனால் அங்கே போய்ப் பேச்சு வாங்கி வந்த நாக்கால் இன்னொரு பிள்ளைக்குக் கதவை அடைக்க நான் உன்னைப் பழக்கவில்லை.

ஆஸியா உம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன், எழுதியது என் மகன் என்பதையும். மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு மற்ற நான்கு தாய்மாரோடு அதிபரின் அறைக்கு வந்துவிட்டார். "எங்கட புள்ளைகளுக்குப் பேச்சுத் திக்குதெண்டு நாங்க வெக்கப்படல்ல சேர், நீங்க ஏன் வெக்கப்படுறீங்க" என்று கேட்டார். நான் வலயத்துக் கடிதத்தை மேசையில் வைத்தேன். கேட் திறந்தது, ஆனால் தந்தது விளையாட்டுச் சாமான் போடும் அறை. பந்துகளை ஒதுக்கிவிட்டு மூன்று புதன்கிழமை நடத்திவிட்டோம். இன்ஷிரா அந்த அறைக்குள் மட்டும் பேசுகிறாள், வகுப்பில் இன்னும் இல்லை.

இப்போது சங்கத்தார் உன் செய்தியைக் காட்டி அடுத்த பள்ளித் தவணையோடு இதை நிறுத்தச் சொல்லி அதிபரை நெருக்குகிறார்கள். அதை நீ அழிக்க வேண்டாம். அதற்குக் கீழேயே, உன் பெயரைப் போட்டு, நானும் பேராதனைக்குப் போய்ப் பேசப் பழகியவன் என்று எழுது. உம்மா ஊருக்குப் பொய் சொன்னாள் என்றும் சேர்த்து எழுது, பரவாயில்லை. எழுதும்வரை நீ அழைத்தால் நான் ஃபோனைத் தூக்க மாட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான மனசையும் தரட்டும். அங்கே குளிர் தொடங்குகிறதாம், நெஞ்சை மூடிக்கொண்டு போ. சங்கக் கூட்டம் வருகிற ஞாயிறு, அதற்கு முன் எழுது.

உன்னைப் பேச வைத்த உம்மா,
ஜஹானா