மிச்ச வார்த்தை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, அம்மாவின் கால் வீக்கமும் வற்றிவிட்டது, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா?

ஐ.நா. அமைதிப்படைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது, பரீட்சையில் தேறினால்தான் விமானம் ஏற்றுவார்கள் என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் நீ இங்கிலீஷில் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அம்மா, இப்போது அதே சாமியிடம் நீ கோட்டை விட வேண்டும் என்று கேட்கிறாள், சாமிக்கே தலை சுற்றியிருக்கும். "அமைதிப்படைதானே, சும்மா நிக்கிற வேலைதான்" என்கிறான் உன் அண்ணன். சும்மா நிற்க எதற்குடா துப்பாக்கி என்று கேட்டேன்.

என் பயம் வேறு. பல நாட்டுக்காரர்களும் வயர்லெஸ்ஸில் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வீர்கள் என்கிறாய். கிரேனுக்குக் கீழே நின்று வாக்கி டாக்கியில் கத்துவதுதானே என் பிழைப்பு, அதன் குணம் எனக்குத் தெரியும். பட்டனை அமுக்கிய வேகத்தில் பேசினால் முதல் வார்த்தையை விழுங்கிவிடும். போன மாதம் புது என்ஜினியர் "டோன்ட் லிஃப்ட்" என்றார், மேலே இருந்தவனுக்கு "லிஃப்ட்" மட்டும் கேட்டது, தூக்கிவிட்டான். கம்பிக்கட்டு என் தோளை உரசிக்கொண்டு போனது. அம்மாவுக்குத் தெரியாது, நீயும் மூச்சு விடாதே. நம் பேச்சில் "தூக்காதே" என்றால் தலை போனாலும் "காதே" என்ற வால் மிஞ்சும். இங்கிலீஷில் வேண்டாம் என்பது முதலிலேயே வந்து தொலைக்கிறது. "டோன்ட் ஷூட்" என்பதில் முன்பாதி போனால் என்ன ஆகும்? அதற்கு வேறு சொல் பழக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய், நல்லதுதான், ஆனால் பதற்றத்தில் யார் வாயில் எது வரும் என்று யார் கண்டது? பட்டனை அமுக்கி ஒரு மூச்சு விட்டு அப்புறம் பேசு. பாதி காதில் விழுந்தால் திரும்பச் சொல்லச் சொல், அதில் வெட்கம் என்ன.

நம் பேச்சையும் நம்ப முடியாது என்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. போனில் அம்மா "பயமா இருக்காடி"ன்னு கேட்டாள், நீ "பயமா" என்றாய், லைன் அறுந்துவிட்டது. மறுநாள் கேட்டால், பயிற்சி முடியும்வரை போன் கிடையாது என்கிறார்கள் முகாமில். "இல்ல"ன்னுதான் சொல்லியிருப்பாள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவள் தட்டில் சோறு அப்படியே காய்கிறது.

போகிற இடத்திலிருந்து நீ ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வர எங்கள் ஆசீர்வாதம். இதைக் கண்டதும் அந்த மிச்ச வார்த்தையை மறக்காமல் எழுது. இருக்கு என்றால் இருக்கு என்றே எழுது கண்ணு, இங்கேயும் அதுதான் இருக்கிறது.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா