சட்டைப்பைக்குள் இருந்த ரிப்போர்ட்

மாப்ள,

இன்று திருமங்கலத்தில் பஸ் நின்றபோது 'இங்கு தொக்கம் எடுக்கப்படும்' என்ற போர்டு கண்ணில் பட்டது. உன்னை மூன்று தரம் அங்கே கூட்டிப்போனவன் நான்தானே. வயிற்றில் சோறு சிக்கிக் கிடக்கிறது என்று தொக்கம் எடுக்கிற அந்தம்மா உன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி எதையோ துப்பிக் காட்டினாள். மூன்று தரமும் காட்டினாள். உன் பேதி மட்டும் நிற்கவில்லை.

எச்.ஐ.வி.க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்காத காலம் அது. உனக்கு அது இருக்கிறது என்ற ரிப்போர்ட்டைப் பார்த்தது நாம் இரண்டு பேர்தான். அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டாய். "தங்கச்சிக்கு வைகாசியில கல்யாணம்டா. வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓடிருவாங்க. யார்ட்டயும் மூச்சு விடாத." நானும் பெரிய யோக்கியன் மாதிரி தலையாட்டினேன்.

அந்தச் சத்தியத்தை மதுரை டாக்டரிடமும் காப்பாற்றினோம் பார், அதுதான் கொடுமை. "வேற ஏதும் நோய் இருக்கா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் ரிப்போர்ட் இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு, "இல்ல சார், ஓட்டல் சாப்பாடுதான்" என்றேன். சாதாரண மலப் பரிசோதனை எழுதினார். பூச்சி இல்லை, அமீபா இல்லை என்று வந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் உன் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

நீ மயங்கி விழுந்த பிறகுதான் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முன்னாடியே காட்டியிருந்தா வேற சாயம் போட்டு மலத்தப் பாக்கச் சொல்லியிருப்பேனேப்பா. எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு வர்ற கிருமி, சும்மா பாத்தா தப்பிரும்." சாயம் போட்டார்கள், கிருமி தெரிந்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான் அதற்கு. நாலு நாள் விழுங்கினாய். வற்றிப்போன உடம்பு அதற்கு மேல் தாங்கவில்லை, ஐந்தாம் நாள் நீ இல்லை.

கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போய் நடந்தது. இத்தனை வருசம் கழித்து, போன மாதம்தான் உன் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்காகவாண்ணே மறைச்சீக? கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போகுது. எங்க அண்ணன விட அது பெருசுன்னு நான் சொன்னேனா?"

அவளிடம் ஒரு வார்த்தை நாம் கேட்டிருக்கலாம், மாப்ள.