மணி அடிக்காத ஊர்

என் சைக்கிள்காரி அம்மாவுக்கு,

இல்லை, தம்பி இளைக்கவில்லை. குளிரில் உதடு வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். உன்னை மாதிரி.

நெதர்லாந்தில் தம்பியிடம் பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் தாம்பரம் வந்தேன். அவனைப் பார்க்கப் போனேன் என்பது பாதி உண்மை. உனக்குக் கொள்ளி வைத்தது நான். விசா சிக்கலில் அவன் வர முடியவில்லை, அதில் கோபமில்லை. ஆனால் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவன், நான் குனிந்த நொடியில் காணாமல் போனான். ஏன்டா துண்டித்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கப் போனேன்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். சைக்கிளுக்குத் தனிச் சாலை, செங்கல் நிறத்தில். பக்கத்தில் கால்வாய், கரையெல்லாம் மரம். பஸ் நின்று சைக்கிளுக்கு வழி விடுகிறது. நம்புவாயா? மாடம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் தோல் கம்பெனிக்கு, லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டினாய். உனக்கு யார் கோடு போட்டுக் கொடுத்தார்கள்? இந்தச் சாலை கிடைத்திருந்தால் நீ கையை விட்டே ஓட்டியிருப்பாய்.

நான்தான் மானத்தை வாங்கினேன். உன் பழக்கம். திருப்பம் வந்தால் மணி, ஆள் தெரிந்தால் மணி, யாரும் இல்லாவிட்டாலும் ஒரு மணி. முன்னால் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் சும்மா வர்றியா? இங்க மணி அடிச்சா திட்டுறா மாதிரி."

"அடிக்கலைன்னா நான் வர்றது எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் கண்ணு கீது."

"இத்தனை வருஷமாகியும் 'கீது' போகல பாரு."

சிரித்தான். கொஞ்ச தூரம் போய், ஒரு மரத்தடியில் இறங்கினான்.

"இங்க நின்னுதான்க்கா பாத்துகினு இருந்தேன். வேலைக்குப் போற வழில."

உனக்குக் கொள்ளி வைத்த நாளைச் சொல்கிறான். நானும் இறங்கி சைக்கிளை மரத்தில் சாய்த்தேன்.

"நீ குனிஞ்ச. போன் கை நழுவிக் கீழ வுழுந்து ஆஃப் ஆயிடுச்சு. எடுக்கத் தோணல. அப்படியே உக்காந்துட்டேன். சைக்கிள்ல போன ஒரு அம்மா நிறுத்திட்டு வந்து, ஒண்ணும் கேக்காம பக்கத்துல உக்காந்தாங்க. ரொம்ப நேரம். அவங்களுக்கும் லேட்டாயிருக்கும்."

அந்தப் பெண்ணின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. மரம், கால்வாய், சாலை எல்லாம் அழகுதான். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அவளால்.

எட்டு மாதமாக வைத்திருந்த கோபத்தைப் பற்றி அவனிடம் நான் சொல்லவேயில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? அவன் தன் பங்கைச் சொல்லிவிட்டான். நான்?

வருஷத் திதிக்கு வருகிறான். டிக்கெட் எடுத்தாயிற்று. அவனுக்கு எந்த இடத்தில் படம் நின்றதோ, அங்கிருந்து மீதி எல்லாவற்றையும் நானே சொல்வேன். என் கோபத்தையும் சேர்த்து. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மூத்தவள்

எழுதி முடித்ததும் மாடி அறையைத் திறந்து, பெருக்கி, அவன் கட்டிலுக்கு வேறு போர்வை விரித்தேன்.