பாய் கட்டிய முதுகு

மாங்கெரே, ஆக்லாந்து
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அனசெய்னி அண்ணி அவர்களுக்கு,

லூபே எழுதுகிறேன். டோங்காவில் நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? புயலில் உங்கள் கூரை தப்பியது கேட்டு நிம்மதி. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி கெலேபி, தானும் சுகம் என்றுதான் போனில் சொல்லியிருப்பார். பொய். கிடங்கு மேடையிலிருந்து விழுந்து அடிபட்ட முதுகு இன்னும் தேறவில்லை. காலுறையைக்கூட நான்தான் மாட்டிவிடுகிறேன்.

இங்கே விபத்து உதவி அலுவலகத்தாருக்குத் திடீரென்று நம்மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பசிபிக் மக்களுக்குத் தங்கள் சேவை எட்டவில்லையாம். பூப்போட்ட சட்டையும் சிப்பி மாலையுமாகச் சர்ச் கூடத்துக்கு வந்தார்கள். நம் மொழியில் ஒரு வணக்கத்தைக் கடித்துத் துப்பினார்கள். சுட்ட பன்றியை ஒரு கை பார்த்துவிட்டு, "இனிமே நாங்களே உங்க வீடு தேடி வர்றோம்" என்று கிளம்பினார்கள்.

அப்படி வந்தவள்தான் ஹீதர். அதிகாரி வருகிறாள் என்று உங்கள் தம்பி சர்ச்சுக்குக் கட்டிப்போகும் மரியாதைப் பாயை இடுப்பில் சுற்றி, கயிற்றை இறுக்கிக் கட்டி, தரையில் சம்மணமிட்டு விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். "விருந்தாளி முன்னாடி என் மானத்த வாங்காதடி" என்று பல்லைக் கடித்தார். வலிக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, "கடவுள் புண்ணியத்துல பரவாயில்லைங்க" என்று சிரிப்பு வேறு. சேப்பங்கிழங்கையும் இறைச்சியையும் தாமே எழுந்து பரிமாறினார். அவள் வாசல் தாண்டியதும் கயிற்றை அவிழ்க்கக்கூட முடியாமல் சரிந்து விழுந்தார். அழுதார், அண்ணி.

அடிபட்டதிலிருந்து வாராவாரம் வந்த உதவிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். போனில் கேட்டேன். "அவ்வளவு நேரம் தரையில நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரே. உங்க பண்பாடு ரொம்ப அழகு" என்றாள் அந்த மகராசி. நம் பண்பாடு தெரிந்ததாம். எதிரே ஒரு மனிதன் வேர்த்துக் கொட்டியது தெரியவில்லையாம். அது கண்ணா, புண்ணா?

சண்டை பிடித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு மருத்துவரோடு வருகிறாள். அன்றும் கைவிரித்தால் இவர் பாரம் தூக்கப் போயே தீர வேண்டும். தூக்கினால் கால் விளங்காது என்று நம் டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பெரிய மனிதரோ இப்போது அதே பாயை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

என் பேச்சு அவர் காதில் ஏறாது. நான் வெறும் பெண்டாட்டி. அக்காள் சொல்லைத் தம்பி தட்டக்கூடாது என்பது நம் வழக்கம். கல்யாணத்திலும் சாவிலும் உங்களுக்கு முதலிடம் தருவதும் அதனால்தான். அந்த இடம் உட்காருவதற்கு மட்டும்தானா, அண்ணி?

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் மன்னியுங்கள். போனில் பேசினால் இவர் காதில் விழும் என்று, நாளை அங்கே விமானம் ஏறும் சர்ச் ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமையே அவருக்குப் போன் செய்யுங்கள். பாய் கட்டாதே, அவர்கள் வரும்போது கட்டிலில் படுத்திரு, வலித்தால் வலிக்கிறது என்று சொல் என்று உத்தரவு போடுங்கள். அந்த ஒரு நாள் அவரைப் படுக்க வையுங்கள், அண்ணி. படுத்த படுக்கையாக அவரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் வீட்டில் வாழ வந்தவள்,
லூபே